எச்டிசி ஒன்: பாராட்டும் நட்டமும்

எச்டிசி ஒன் என்ற திறன்பேசி 2013 பிப்ரவரி 19 அன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் ஒரே நாளில் அறிமுகமானது. எம்7 என்பது நிறுவனத்துக்குள் அதற்கு வழங்கிய பெயர். பின்னால் வந்த மாதிரிகளிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டியிருந்ததால் வெளியிலும் அந்தப் பெயரே நிலைத்தது. தைவானின் தாவோயுவான் நகரில் தலைமையகம் கொண்டிருந்த எச்டிசி நிறுவனத்தின் தயாரிப்பு அது. கடைக்கு வந்த சில வாரங்களுக்குள் அமெரிக்க, ஐரோப்பிய விமர்சகர்கள் பலர் அதுவரை வந்த ஆண்ட்ராய்டு போன்களில் இதுவே சிறந்தது என்று எழுதினார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் பார்சிலோனாவில் நடந்த உலக மொபைல் மாநாட்டில் சிறந்த திறன்பேசிக்கான விருதும் இதற்கே கிடைத்தது. இந்த இரண்டு பிப்ரவரிகளுக்கும் இடையில், 2013இன் மூன்றாம் காலாண்டில், எச்டிசி பங்குச்சந்தைக்கு வந்த பிறகு முதன்முறையாக நட்டக் கணக்கு காட்டியது. இத்தனை பாராட்டு பெற்ற போனால் அந்த நட்டத்தை ஏன் தடுக்க முடியவில்லை என்பதே இந்த உரையின் பொருள்.

போனிலிருந்தே தொடங்க வேண்டும். அந்த நாளில் விலை உயர்ந்த ஆண்ட்ராய்டு போன்களிலும் பெரும்பாலானவற்றின் உடல் பிளாஸ்டிக்காகவே இருந்தது. அதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமல்ல. உலோகம் வானொலி அலைகளை மறிக்கும்; முழு உலோகக் கூட்டுக்குள் ஆண்டெனாவை வைத்தால் சிக்னல் கிடைக்காது. எச்டிசியின் பொறியாளர்கள் இதற்குக் கண்ட வழி நேர்த்தியானது. அலுமினியத்தை சிஎன்சி இயந்திரத்தில் குடைந்தெடுத்து, அதில் மெல்லிய வெட்டுகளை ஏற்படுத்தி, அந்த வெட்டுகளில் பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தி, பிறகு மறுபடியும் இழைத்து, இரண்டு பொருள்களும் சேரும் இடம் விரலுக்குத் தட்டுப்படாதபடி செய்தார்கள். வெட்டுகளால் பிரிந்த உலோகப் பகுதியே ஆண்டெனாவாக வேலை செய்தது. ஓர் உடலைக் கடைந்து முடிக்க 200 நிமிடங்கள் ஆகின்றன என்று நிறுவனம் சொன்னது. முதுகுப்புறம் மெல்ல வளைந்து உள்ளங்கையில் பொருந்தியது. எடை 143 கிராம், தடிமன் 9.3 மில்லிமீட்டர். அடுத்த ஆண்டு வந்த ஐபோன் 6இன் முதுகிலும் இத்தகைய ஆண்டெனாக் கோடுகள் ஓடின. சில ஆண்டுகளுக்குள் உயர்விலை போன் என்றாலே உலோகமும் கண்ணாடியும்தான் என்ற நிலை வந்தது. ஆண்ட்ராய்டு உலகில் அந்தத் தரத்தை நிறுவியது எம்7 என்று சொன்னால் அது மிகையாகாது.

4.7 அங்குலத் திரையில் 1920க்கு 1080 பிக்சல்கள். ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 468 பிக்சல்கள் என்ற அடர்த்தி அந்த ஆண்டின் போன்களில் முன்னணியில் நின்றது. ஒலி பின்புறத்திலோ அடிப்புறத்திலோ இருந்து வருவதே வழக்கமாக இருந்த காலத்தில், எச்டிசி திரையின் மேலும் கீழும் இரண்டு ஒலிபெருக்கிகளை முன்னோக்கி வைத்தது. கேட்பவரின் முகத்தை நோக்கி ஒலி வர வேண்டும் என்பது எளிய யோசனை. ஆனால் அதற்கு முன்பக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும், போன் சற்று நீளமாகும். அந்த விலையைக் கொடுக்க எச்டிசி துணிந்தது. படம் பார்ப்பவர்களுக்கு அந்த வேறுபாடு உடனே தெரிந்தது.

குறைகளும் இருந்தன. திரையின் கீழே இரண்டு பொத்தான்கள். அவற்றின் நடுவில் எச்டிசியின் பெயர் பொறித்த இடம் பொத்தான்போலத் தோன்றினாலும் அது பொத்தான் அல்ல. செய்திகளை ஓடவிடும் பிளிங்க்ஃபீட் என்ற முகப்புப் பக்கத்தைத் தொடக்கத்தில் நீக்க முடியவில்லை. பெரும்பாலான நாடுகளில் விற்ற மாதிரியில் நினைவக அட்டைக்கு இடமில்லை, பேட்டரியைக் கழற்ற முடியாது. இவை எல்லாம் சிறு முணுமுணுப்புகள். பெரிய விவாதம் கேமராவைப் பற்றியது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எச்டிசியின் குணமும் அதன் இக்கட்டும் அந்தக் கேமராவில் சேர்ந்தே தெரிகின்றன.

2013இல் போட்டியாளர்கள் 13 மெகாபிக்சல் கேமராக்களை விளம்பரப்படுத்தினார்கள். எச்டிசி 4 மெகாபிக்சல் கேமராவுடன் வந்தது. போனுக்குள் அடங்கும் உணரியின் பரப்பு மிகச் சிறியது; அதை எத்தனை பிக்சல்களாகப் பிரித்தாலும் மொத்தப் பரப்பு கூடாது. பிக்சல்களின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொன்றின் அளவும் குறைகிறது, ஒவ்வொன்றும் வாங்கும் ஒளியும் குறைகிறது. 13 மெகாபிக்சல் உணரியில் ஒரு பிக்சலின் பக்கம் சுமார் 1.1 மைக்ரான். எச்டிசி வைத்தது 2 மைக்ரான். பரப்பில் கணக்கிட்டால் மூன்று மடங்குக்கும் மேல். அல்ட்ராபிக்சல் என்று அதற்குப் பெயர் சூட்டி, கைநடுக்கத்தைச் சமன்செய்யும் லென்ஸ் அமைப்பையும் சேர்த்தது. மங்கிய வெளிச்சத்தில் படம் எடுத்தபோது பலன் தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் குறை தெரிந்தது. படத்தின் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்கினால் விவரம் போதவில்லை. குறைந்த ஒளியில் சில போன்கள் படத்துக்கு ஊதா நிறச் சாயல் ஏற்றின என்ற புகாரும் பின்னர் பரவலாக எழுந்தது.

யோசனை சரியானது, அளவுதான் மிஞ்சிவிட்டது. எண்ணிக்கையை ஒரேயடியாக 4க்குக் குறைக்காமல் 8இலோ 12இலோ நிறுத்தியிருந்தால் எச்டிசி அந்த வாதத்தில் வென்றிருக்கும். 2015, 2016இல் கூகுளின் நெக்சஸ் 6பி, பிக்சல் ஆகிய போன்கள் 12 மெகாபிக்சலும் 1.55 மைக்ரான் பிக்சலும் கொண்ட கேமராக்களோடு வந்து புகழ் பெற்றபோது, பிக்சலின் அளவே முக்கியம் என்ற அதே வாதம் ஏற்கப்பட்டது. 2013இல் கடை மேசையின் முன் நின்றவருக்கு இந்த இயற்பியலை விளக்க யாரும் இல்லை. 13 என்ற எண்ணும் 4 என்ற எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிடப்பட்டிருந்தால் வாங்குபவரின் கை எங்கே போகும் என்பதை யூகிக்கலாம். பெருஞ்செலவில் விளம்பரம் செய்து மக்களின் எண்ணத்தை மாற்றக்கூடிய நிறுவனத்துக்கே இத்தகைய சோதனை தாங்கும்.

எச்டிசி அப்படிப்பட்ட நிறுவனம் அல்ல. அது ஏன் என்பதற்கு அதன் பிறப்பையே பார்க்க வேண்டும். 1997இல் ஷெர் வாங், எச்.டி. சோ, பீட்டர் சௌ ஆகியோர் ஹை டெக் கம்ப்யூட்டர் என்ற பெயரில் அதைத் தொடங்கினார்கள். ஷெர் வாங், ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸ் குழுமத்தை நிறுவிய வாங் யுங்-சிங்கின் மகள். முதலில் மடிக்கணினி செய்யவே முயன்றார்கள்; அது கைகொடுக்கவில்லை. கையடக்கக் கணினிகளுக்கு மாறி, காம்பாக் நிறுவனத்துக்காக ஐபேக் என்ற கருவியைச் செய்து கொடுத்தார்கள். பிறகு ஐரோப்பிய, அமெரிக்கத் தொலைபேசிச் சேவை நிறுவனங்களுக்காக விண்டோஸ் மொபைல் போன்கள். பிரிட்டனில் ஓ2 நிறுவனம் எக்ஸ்டிஏ என்ற பெயரில் விற்ற போன் எச்டிசி செய்ததே. வடிவமைப்பும் உற்பத்தியும் இவர்களுடையவை. பெட்டியின்மேல் பெயர் வேறு யாருடையதோ. ஏறத்தாழ பத்தாண்டு இப்படிப் பிறர் பெயருக்கு உழைத்ததில் இந்தப் பொறியாளர்களின் கை பழகியது. ஆனால் வாங்குபவரோடு நேர் உறவு ஏற்படவில்லை. 2006க்குப் பிறகே சொந்தப் பெயரில் விற்பனை தொடங்கியது.

அடுத்து வந்தது அவர்களின் பொற்காலம். 2008 அக்டோபரில் அமெரிக்காவில் டி-மொபைல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஜி1, உலகின் முதல் ஆண்ட்ராய்டு போன். அதைச் செய்தது எச்டிசி. 2010 ஜனவரியில் கூகுள் தன் முதல் நெக்சஸ் போனை வெளியிட்டபோதும் தயாரிப்பாளர் எச்டிசியே. ஹீரோ, டிசையர், ஈவோ 4ஜி என்று வரிசையாக வந்த போன்கள் விற்றன. 2011 ஏப்ரலில் எச்டிசியின் சந்தை மதிப்பு நோக்கியாவின் மதிப்பை முந்தியது. ஒரு பங்கின் விலை 1,300 தைவான் டாலரைத் தொட்டது. அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் அமெரிக்கத் திறன்பேசிச் சந்தையில் எச்டிசி முதலிடம் பிடித்ததாக கேனலிஸ் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. ஆண்டு வருவாய் சுமார் 46,500 கோடி தைவான் டாலர்.

உச்சம் அதுவே. 2012இல் வருவாய் சுமார் 28,900 கோடிக்கு இறங்கியது. ஓராண்டில் இவ்வளவு பெரிய சரிவு எப்படி நேர்ந்தது? ஆண்ட்ராய்டு எல்லாருக்கும் திறந்திருந்த மென்பொருள். எச்டிசி முதலில் நுழைந்தது உண்மை. ஆனால் கதவை மூடிக்கொள்ள வழியில்லை. சாம்சங் பின்னால் வந்து, தன் திரை, தன் நினைவகம், தன் சிப் ஆகியவற்றைத் தன் தொழிற்சாலைகளிலேயே செய்து, கேலக்ஸி வரிசையை உலகம் முழுவதும் கொண்டு சேர்த்தது. எச்டிசி எல்லாவற்றையும் வெளியே வாங்க வேண்டியிருந்தது. 2010இல் அமோலெட் திரைகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, டிசையர் போனுக்கும் நெக்சஸ் ஒன்னுக்கும் சோனியின் எல்சிடி திரைகளைத் தேடிப் போக வேண்டி வந்தது. தட்டுப்பாடான அந்தத் திரைகளைச் செய்தது சாம்சங் குழுமம். போட்டியாளரின் தொழிற்சாலையையே நம்பிப் போன் செய்வதில் உள்ள ஆபத்து அப்போதே தெரிந்துவிட்டது.

வழக்குகளும் சேர்ந்துகொண்டன. 2010 மார்ச்சில் ஆப்பிள் 20 காப்புரிமைகளை முன்வைத்து எச்டிசிமேல் வழக்குத் தொடுத்தது. ஆண்ட்ராய்டுக்கு எதிராக ஆப்பிள் எடுத்த முதல் அடி அது. கூகுளை நேரடியாகத் தாக்காமல், காப்புரிமை இருப்பு குறைவாக இருந்த தைவான் நிறுவனத்தை முதலில் தாக்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் எச்டிசி மைக்ரோசாஃப்டோடு ஒப்பந்தம் செய்து, ஆண்ட்ராய்டு போன்களுக்கு உரிமத்தொகை கட்ட ஒப்புக்கொண்டது. 2011இல் எஸ்3 கிராஃபிக்ஸ் நிறுவனத்தை 30 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது ஆப்பிளுக்கு எதிராகக் காப்புரிமை ஆயுதம் தேடியே. அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்தில் அந்த ஆயுதம் எடுபடவில்லை. 2012 மே மாதம், ஆணையத்தின் முந்தைய உத்தரவு ஒன்றின் காரணமாக, ஒன் எக்ஸ் போன்கள் அமெரிக்கச் சுங்கச் சோதனையில் தேங்கி நின்றன. புதிய போனுக்கு விற்பனை சூடாக இருக்கும் நாள்கள் சில வாரங்களே. அந்த வாரங்கள் துறைமுகத்தில் கழிந்தன. 2012 நவம்பரில் இரு நிறுவனங்களும் பத்தாண்டு உரிம ஒப்பந்தம் செய்துகொண்டு வழக்குகளை முடித்தன. அதற்குள் அமெரிக்கச் சந்தை கைவிட்டுப் போயிருந்தது.

நிறுவனத்தின் சொந்தத் தவறுகளையும் மறைக்க வேண்டியதில்லை. 2011இல் பீட்ஸ் ஒலிக்கருவி நிறுவனத்தின் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்குகளை ஏறத்தாழ 30 கோடி டாலருக்கு வாங்கி, மறு ஆண்டே அதில் பாதியைத் திருப்பி விற்று, மீதியை 2013இல் 26.5 கோடி டாலருக்கு விற்றது. போட்ட பணம் இலாபத்தோடு திரும்பி வந்தது என்று சொல்லலாம். ஆனால் 2014இல் ஆப்பிள் பீட்ஸை வாங்கக் கொடுத்த தொகை 300 கோடி டாலர். 2012இல் ஒன் எக்ஸ், ஒன் எஸ், ஒன் வி, ஒன் எக்ஸ் பிளஸ் என்று பெயர்கள் பெருகி, எது முதன்மைப் போன் என்று வாங்குபவர் குழம்பினார். அமெரிக்காவில் சேவை நிறுவனத்துக்கு ஒரு பெயர், ஒரு வடிவம். பிறருக்காகச் செய்து பழகிய காலத்தின் வழக்கம் அது: கேட்டவருக்குக் கேட்டபடி செய்து தருவது. ஒரு முகத்தை மக்கள் மனத்தில் பதிய வைக்கும் வேலைக்கு அந்தப் பணிவு தடையாகிவிட்டது.

இந்த நிலையில்தான் எம்7 வந்தது. இம்முறை எச்டிசி தெளிவாக இருந்தது: ஒரே முதன்மைப் போன், எல்லா இடத்திலும் ஒரே வடிவம், ஒரே பெயர். மார்ச் மாதம் விற்பனை என்று அறிவித்தது. ஆனால் கேமரா உதிரிபாகங்கள் போதிய அளவில் வரவில்லை. புதிய வகை உணரி என்பதால் வேறிடத்தில் வாங்கவும் வழியில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஆர்டர் குறையும் நிறுவனத்துக்கு உதிரிபாக உற்பத்தியாளர்கள் முன்னுரிமை தருவதில்லை. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி, ஸ்பிரிண்ட் கடைகளில் போன் கிடைத்தது ஏப்ரல் 19 அன்று. சாம்சங் மார்ச் 14 அன்றே நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் கேலக்ஸி எஸ்4ஐ அறிமுகம் செய்திருந்தது. ஏப்ரல் முடிவதற்குள் அதுவும் கடைக்கு வந்துவிட்டது. ஒரு மாதத்துக்கும் மேலாக இருந்திருக்க வேண்டிய முன்னிலை, சில நாள்களாகச் சுருங்கியது. அமெரிக்காவின் மிகப் பெரிய சேவை நிறுவனமான வெரைசன் எம்7ஐ விற்கத் தொடங்கியது ஆகஸ்டு மாதத்தில்தான்.

எஸ்4 ஒரு மாதத்துக்குள் ஒரு கோடி போன்களைத் தாண்டியதாக சாம்சங் அறிவித்தது. அதன் உடல் பிளாஸ்டிக். விமர்சகர்கள் பலர் கட்டமைப்பில் எம்7ஐயே உயர்த்திச் சொன்னார்கள். ஆனால் 2012இல் அமெரிக்காவில் மட்டும் சாம்சங் போன் விளம்பரத்துக்குச் செலவிட்டது சுமார் 40 கோடி டாலர் என்று கான்டார் மீடியா நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. ஆப்பிளின் செலவைவிட அது அதிகம். விளம்பரத்தில் தாங்கள் போதிய அளவு செய்யவில்லை என்று பீட்டர் சௌவே 2013 தொடக்கத்தில் ஒப்புக்கொண்டார். அந்த ஆகஸ்டில் ராபர்ட் டௌனி ஜூனியரை வைத்து எச்டிசி பெரிய விளம்பர இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. போன் அறிமுகமாகி ஆறு மாதம் கழிந்திருந்தது. விளம்பரங்களிலும் எச்டிசி என்ற மூன்றெழுத்தை வைத்து விளையாட்டுக் காட்டினார்களே தவிர, அலுமினிய உடலையும் முன்னோக்கிய ஒலியையும் முன்னிறுத்தவில்லை. கையில் இவ்வளவு நல்ல சரக்கு இருந்தபோது அதைப் பேசாமல் விட்டது வருத்தத்துக்குரியது.

கணக்குப் புத்தகம் அந்த ஆண்டை இப்படிப் பதிவு செய்கிறது. முதல் காலாண்டின் நிகர இலாபம் 8.5 கோடி தைவான் டாலர். அதற்கு முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் ஏறத்தாழ 446 கோடி. எம்7 விற்பனைக்கு வந்த இரண்டாம் காலாண்டில் இலாபம் 125 கோடியாக உயர்ந்தது. மூன்றாம் காலாண்டில் 297 கோடி நட்டம். அதாவது எம்7 நிறுவனத்தை ஒரு காலாண்டுக்குத் தூக்கி நிறுத்தியது. அதற்குமேல் அதனால் இயலவில்லை. முதன்மைப் போன் விற்பனை முதல் சில வாரங்களில் உச்சத்துக்குப் போய் இறங்குவது இயல்பு. அந்த இறக்கத்தைத் தாங்க நடுத்தர விலையிலும் குறைந்த விலையிலும் நிலையான விற்பனை வேண்டும். அந்த இடத்தை ஷாவ்மி முதலான சீன நிறுவனங்கள் வேகமாகப் பிடித்துக்கொண்டிருந்தன. ஆண்டு முழுவதற்குமான வருவாய் சுமார் 20,300 கோடியில் நின்றது.

எச்டிசி மட்டுமே இப்படித் தள்ளாடியது என்று எண்ணிவிடக் கூடாது. அதே 2013 செப்டம்பரில் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. பிளாக்பெர்ரி தன் இசட்10 போன்கள் தேங்கியதால் 90 கோடி டாலருக்கும் மேல் நட்டம் எழுதியது. அடுத்த ஜனவரியில் மோட்டோரோலாவை கூகுள் லெனோவாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. ஆப்பிளும் சாம்சங்கும் அந்தத் தொழிலின் இலாபத்தை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்துக்கொண்ட ஆண்டுகள் அவை. நடுவில் நின்ற எல்லாரும் நசுங்கினார்கள். பீட்ஸ், காப்புரிமை, பெயர்க் குழப்பம் என்று எச்டிசியின் பிழைகளைப் பட்டியலிடுபவர்கள் இந்தப் பின்னணியை விட்டுவிடுவது நியாயமல்ல. வேறு பிழைகள் செய்தவர்களுக்கும் அதே முடிவுதான் கிடைத்தது.

எம்7க்குப் பிறகு 2014 மார்ச்சில் எம்8, 2015 மார்ச்சில் எம்9. எம்8 நல்ல வரவேற்பைப் பெற்றது. எம்9இல் புதுமை குறைவு. பின்பக்கக் கேமராவில் 20 மெகாபிக்சல் வைத்து, தன் பழைய வாதத்தைத் தானே கைவிட்டது எச்டிசி. அந்த மாதமே பீட்டர் சௌ தலைமைப் பொறுப்பிலிருந்து விலகி, ஷெர் வாங் அதை ஏற்றார். ஆகஸ்டில் நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பு அதன் கையிருப்புப் பணத்துக்கும் கீழே இறங்கியது. தொழிற்சாலை, பெயர், காப்புரிமை, பொறியாளர் அனைத்துக்கும் சேர்த்து முதலீட்டாளர்கள் போட்ட விலை பூஜ்யத்துக்கும் கீழே என்பதே அதன் பொருள். எம்7ஐச் செய்தவர்களில் பலர் அப்போதும் அங்கேயே வேலை பார்த்தார்கள். அவர்களின் திறமையைச் சந்தை எவ்வளவு தவறாக எடை போட்டது என்பது இரண்டு ஆண்டுகளில் தெரிந்தது.

2016இல் கூகுள் தன் பெயரில் வெளியிட்ட முதல் பிக்சல் போனைச் செய்து கொடுத்தது எச்டிசி. மீண்டும் பிறர் பெயருக்கு உழைக்கும் பழைய தொழில். 2017 செப்டம்பரில் கூகுள் 110 கோடி டாலர் கொடுத்து, பிக்சல் வேலையில் இருந்தவர்களை உள்ளிட்ட சுமார் 2,000 ஊழியர்களைத் தன் பக்கம் எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் செய்தது. காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமையும் அதில் அடக்கம். 2018 ஜனவரியில் அது நிறைவேறியது. அமெரிக்காவுக்கு வெளியே கூகுளின் மிகப் பெரிய வன்பொருள் ஆய்வுத் தளமாகத் தைவான் வளர்ந்ததற்கு இந்த மாற்றமே அடித்தளம். 2018 ஜூலையில் எச்டிசி தைவான் உற்பத்திப் பிரிவில் 1,500 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. அந்த ஆண்டின் வருவாய் 2,400 கோடி தைவான் டாலருக்கும் குறைவு. 2011இல் வந்ததில் இருபதில் ஒரு பங்கு அளவே.

எச்டிசி என்ற நிறுவனம் மறைந்துவிடவில்லை. வால்வ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய வைவ் என்ற மெய்நிகர் கருவியை 2016 ஏப்ரலில் விற்பனைக்குக் கொண்டுவந்து, அந்தத் துறையில் முன்னோடிகளில் ஒன்றாக இடம் பிடித்தது. நடுத்தர விலைப் போன்களை இடையிடையே வெளியிட்டு வந்தது. 2018இல் வந்த யு12 பிளஸ்ஸோடு முதன்மைப் போன் வரிசை நின்றது. 2025 ஜனவரியில் மெய்நிகர் பிரிவின் பொறியாளர்களில் ஒரு பகுதியினரையும் 25 கோடி டாலருக்கு கூகுளுக்கு மாற்ற ஒப்புக்கொண்டது. வைவ் கருவிகளின் விற்பனையைத் தொடரும் உரிமையை எச்டிசி தன்னிடமே வைத்துக்கொண்டது.